ஒரே 'தின்', ஏழு இடங்கள்: ஸ்பானியத்தில் 'தெல்காதோ' மட்டும் போதவில்லை, உதவுங்கள்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஸ்பெயினில் மாலைநேர மொழிபெயர்ப்பு வகுப்பு ஒன்றில் படித்து வருகிறேன். ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்குப் பெயர்க்கும் பயிற்சியாக ஒரு சிறுகதைப் பகுதியைக் கொடுத்திருக்கிறார்கள். கணவனை இழந்த ஓர் ஏழைப் பெண்ணையும் அவளுடைய சிறுவனையும் பார்க்கக் குளிர்காலத்தில் அவளுடைய அக்காள் வருகிறாள், இவ்வளவுதான் கதை. இடர்ப்பாடு என்னவென்றால், மூலத்தில் 'தின்' (thin) என்ற ஒரே சொல் ஏழு இடங்களில் வருகிறது: தங்கையைப் பார்த்ததும் அக்காள் சொல்லும் முதல் வார்த்தையில், தங்கையின் மேலங்கிக்கு, தலைமுடிக்கு, அவள் பரிமாறும் சூப்புக்கு, அவள் குரலுக்கு, வீட்டுச் சுவருக்கு, கடைசியாகப் பையனுக்கு.

முதல் தடவை ஏழு இடத்திலும் 'தெல்காதோ', அதாவது ஒல்லி, என்றே போட்டுவிட்டேன். ஆசிரியை அத்தனையையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, "ஊரே இளைத்துவிட்டதா?" என்று ஓரத்தில் எழுதித் தந்தார். இரண்டாம் தடவை ஒத்தசொல் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு சொல்லாக மாற்றினேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. மேலங்கியை 'எஸ்குவாலிதோ' என்றும், அந்தப் பெண்ணை 'ஃபீனா' என்றும் எழுதியிருந்தேன். கதையில் வரும் தபால்காரர் அவளைப் பற்றி 'ஸ்லைட் வுமன், தட்' என்று தன் தோழரிடம் சொல்வதை 'மெனூதா முஹேர்' என்று பெயர்த்திருந்தேன். அதைப் படித்ததும் வகுப்பே சிரித்தது. காரணம் கேட்டபோது, நீங்களே கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எந்த இடத்தில் எந்தச் சொல் வரும் என்பதற்கு ஏதேனும் வழி உண்டா? ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஏறத்தாழத்தான் எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 1

மாட்ரிடில் பல ஆண்டுகளாகத் துணைத்தலைப்பு மொழிபெயர்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் தவறிய இடம் அகராதி அன்று. 'தின்' என்பதை ஒரே பொருளுடைய ஒரு சொல்லாக எண்ணிக்கொண்டதுதான். ஆங்கிலத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த ஏழு இடங்களையும் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தங்கை இளைத்திருக்கிறாள், மேலங்கியும் சுவரும் மெல்லியவை, முடி அடர்த்தியில்லாதது, சூப்பு நீர்த்தது, குரல் சன்னமானது, பையன் நோஞ்சான். தமிழில் நாம் தயங்காமல் ஆறு சொற்களைப் பயன்படுத்துகிறோம். ஸ்பானியமும் ஏறக்குறைய இதே இடங்களில்தான் பிரிகிறது.

சூப்பிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எளிது. நீர்த்த சூப்பு 'சோபா அகுவாதா'. 'அகுவா' என்றால் தண்ணீர் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் கலந்து கெடுத்தது என்ற குறை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது, ஆகவே ஏழை வீட்டுக்குப் பொருந்தும். முடிக்கு வரும்போது மூலத்தை மறுபடியும் படித்துப் பாருங்கள். ஒவ்வோர் இழையும் மெல்லியதாக இருந்தால் 'பேலோ ஃபீனோ'. இழைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருந்தால் 'பேலோ ராலோ'. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிடும், ஸ்பானியம் விடாது. ஆங்கிலத்திலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது.

'ஃபீனோ' என்பதை நம் 'சன்னம்' என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சன்னமாக நறுக்கிய வெங்காயம், சன்னமான தூறல், சன்னமான நூல் ஆகிய மூன்றுக்கும் 'ஃபீனோ' பொருந்தும். மெல்லிய மேலங்கிக்கும் ஸ்பெயினில் அதுவே இயல்பு. ஆனால் மனிதரைச் சொல்லும்போது பொருள் மாறிவிடுகிறது: 'முஹேர் ஃபீனா' என்றால் நயமும் நாகரிகமும் உடைய பெண். உங்கள் ஏழை விதவையை நீங்கள் சீமாட்டியாக்கிவிட்டீர்கள். 'எஸ்குவாலிதோ' பட்டினியால் வற்றிப்போன உடலுக்கு வரும் சொல். மேலங்கி பட்டினி கிடக்காது.

குரலுக்குப் பெயரடையைத் தேடவே வேண்டாம். 'கோன் உன் ஈலோ தே வோஸ்' என்பது நிலைத்த வழக்கு. 'ஈலோ' என்றால் நூல், ஆகவே குரலின் ஒரு நூலிழையோடு பேசினாள் என்று பொருள். சுவருக்கும் அப்படியே. பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்கிறது என்பதுதான் அங்கே செய்தி என்றால், 'பரேதெஸ் தே பப்பேல்', அதாவது காகிதச் சுவர்கள், என்று எழுதினால் ஸ்பெயினில் அடுக்குமாடியில் குடியிருக்கும் எவருக்கும் புரியும்.

இன்னொன்று, கதைக்குத் தொடர்பில்லாதது. நாம் சிறுகுடல் என்பதை ஆங்கிலமும் 'ஸ்மால்' என்றே சொல்கிறது. ஸ்பானியமோ 'இன்தெஸ்தீனோ தெல்காதோ', மெல்லிய குடல், என்கிறது. இணையான பெருங்குடல் அங்கே 'க்ருவேசோ', தடித்தது. சிறுமையும் மெலிவும் மொழிக்கு மொழி இடம் மாறிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. மூலத்தைத் திரும்பப் படித்தேன். விளக்கு வெளிச்சத்தில் முடிக்கு நடுவே மண்டை தெரிந்தது என்று அடுத்த வாக்கியத்திலேயே இருக்கிறது. ஆகவே 'ராலோ' என்று மாற்றிவிட்டேன். அக்காள் சொல்லும் 'யூ ஆர் தின்' என்பதை 'எரெஸ் தெல்காதா' என்று எழுதியிருக்கிறேன், அது சரிதானே? மனிதர்களுக்கு 'தெல்காதோ' வருவதா, 'ஃப்ளாக்கோ' வருவதா என்பதிலும் குழப்பம் தீரவில்லை.

மறுமொழி 2

'எரெஸ்' அங்கே கூடாது, அம்மா. அது 'செர்' வினையின் வடிவம். 'இரு' என்பதற்கு ஸ்பானியத்தில் 'செர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினைகள் உண்டு. 'செர்' வினையைப் போட்டால், நீ ஒல்லியான உடல்வாகு உடையவள் என்று முதல் முறையாகச் சந்திப்பவர் விவரிப்பதுபோல ஆகிவிடும். அக்காளுக்குத் தங்கையின் உடல்வாகு தெரியாதா? அவள் சொல்ல வருவது, "என்னடி, இப்படி இளைத்துப்போய்விட்டாய்" என்பது. முன்பு பார்த்ததோடு ஒப்பிட்டு மாற்றத்தைச் சொல்லும்போது 'எஸ்தார்' வர வேண்டும்: 'எஸ்தாஸ் முய் தெல்காதா'. நம் ஊரில் ஒல்லி என்பதற்கும் இளைத்தல் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஸ்பானியம் பெயரடையில் காட்டாமல் வினையில் காட்டுகிறது. அக்காளின் அதிர்ச்சி இன்னும் அழுத்தமாக வேண்டுமென்றால் 'எஸ்தாஸ் என் லோஸ் உவேசோஸ்' என்று எழுதலாம். எலும்பும் தோலுமாய் நிற்கிறாய் என்பதற்கு ஒத்தது.

இனி 'ஃப்ளாக்கோ'. நான் பெரு நாட்டின் லீமாவில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அங்கே ஓர் இளைஞன் 'மி ஃப்ளாக்கா' என்றால் அவன் தன் காதலியைச் சொல்கிறான். அவள் ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் வாரத்தில், அலுவலக நண்பர் தம் காதலியை அப்படிக் குறிப்பிட்டபோது, அவளுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டு அசடு வழிந்தவன் நான். புவெனோஸ் ஐரெஸ் பக்கம் தெருவில் முன்பின் தெரியாதவரைக்கூட 'ஃப்ளாக்கோ' என்று கூப்பிடுவார்கள், நாம் 'தலைவா' என்பதுபோல. 1978 கால்பந்து உலகக் கோப்பையை வென்ற அர்ஜென்டீனா அணியின் பயிற்சியாளர் மெனோத்தியை நாடே 'எல் ஃப்ளாக்கோ' என்றுதான் அழைத்தது. ஸ்பெயினில் இந்த ஒட்டுறவு குறைவு. அங்கே மனிதருக்குப் பொதுச்சொல் 'தெல்காதோ', 'ஃப்ளாக்கோ' என்றால் சற்றே குறை சொல்லும் தொனி. ஆகவே உங்கள் வாசகர் எந்த நாட்டவர் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இதை முடிவு செய்யாமல் அகராதியைத் திறப்பதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

1605-இல் வெளிவந்த செர்வாந்தேஸின் நாவலான தோன் கிஹோத்தேயின் முதல் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள்: குதிரைதான் 'ஃப்ளாக்கோ', அதன் எசமானரின் முகமோ 'என்ஹூத்தோ'. வயதாலும் உழைப்பாலும் சதை வற்றி, ஆனால் நோயில்லாமல் இருக்கும் முகத்துக்கு அந்தச் சொல் வரும். ஆங்கிலத்தில் ஒரு விவசாயியையோ மாலுமியையோ 'லீன்' என்று சொன்னால் நான் முதலில் 'என்ஹூத்தோ' பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பேன். அதே 'லீன்' இறைச்சிக்கு வந்தால் 'மாக்ரா', கொழுப்பில்லாதது. பஞ்ச காலத்துக்கு வந்தால் 'வாக்காஸ் ஃப்ளாக்காஸ்', மெலிந்த பசுக்கள். விவிலியத்தில் எகிப்திய மன்னன் கண்ட கனவிலிருந்து வந்த வழக்கு.

மறுமொழி 3

வகுப்பு ஏன் சிரித்தது என்பதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். 'மெனூதா' நல்ல சொல்தான். 'ஸ்லைட்', 'பெட்டீட்' இரண்டுக்கும் அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது: உயரமும் குறைவு, எலும்பும் சிறியது, சிட்டுக்குருவி போன்ற உடல்வாகு. பெயருக்குப் பின்னால் 'உனா முஹேர் மெனூதா' என்று வந்தால் இந்தப் பொருள் கிடைக்கும். ஆனால் 'ஒரு' என்று பொருள்படும் உன், உனா என்னும் சொல் ஏதுமின்றி, பெயருக்கு முன்னால், ஒருவர் பேச்சில் 'மெனூதா முஹேர்' என்று வந்தால் அது வியப்புச் சொல்லாகிவிடுகிறது. 'மெனூதோ ப்ரொப்லேமா' என்றால் சிறிய சிக்கல் அன்று, "எப்பேர்ப்பட்ட சிக்கல்!" என்று பொருள். உங்கள் தபால்காரர் அந்தப் பெண்ணின் சிறிய உருவத்தைச் சொல்ல வந்தவர், உங்கள் பெயர்ப்பில் "அடேயப்பா, என்ன பொம்பளை!" என்று விசிலடித்துவிட்டார். தமிழில் ஆங்கில 'அ' (a) போன்ற சொல் பெயருக்கு முன் கட்டாயமில்லை என்பதால் நம்மவர்களுக்கு அது எளிதாக விடுபட்டுப்போகும். அந்தச் சிறு சொல் இங்கே உயிர்நாடி. 'கே மெனூதா எஸ் எசா முஹேர்' என்று எழுதிவிடுங்கள், ஐயத்துக்கே இடமிராது.

பையனைப் பற்றி. மூலத்தில் 'தின் லிட்டில் பாய்' என்று இரண்டு அடைகள் இருக்கின்றன என்று ஊகிக்கிறேன். 'லிட்டில்' அங்கே அளவைச் சொல்வதைவிடப் பரிவையும் வயதையும் சொல்கிறது. அதற்கு 'பெக்கேன்யோ' என்று தனிச்சொல் தேட வேண்டியதில்லை, விகுதியே செய்துவிடும். 'உன் நீன்யோ தெல்காதீத்தோ' என்றால் இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். பரிவைக் குறைத்து நோஞ்சான்தனத்தைக் கூட்ட வேண்டுமானால் 'ஃப்ளாக்கூச்சோ'. 'கனீஹோ' என்றும் ஸ்பெயினில் சொல்வார்கள், வளர்ச்சி குன்றிய பையனுக்கு. ஆனால் மெக்சிகோ வாசகருக்கு அதே சொல் பொல்லாதவன், தந்திரக்காரன் என்று படும்.

கேட்டவர்

வகுப்பின் சிரிப்புக்கு இப்போதுதான் காரணம் புரிந்தது. படித்துவிட்டு நானும் சிரித்தேன். வாசகர் ஸ்பெயின்காரர்கள் என்றே வைத்துக்கொண்டு திருத்தியிருக்கிறேன். அக்காள் 'எஸ்தாஸ் என் லோஸ் உவேசோஸ்' என்கிறாள். முடி 'ராலோ', சூப்பு 'அகுவாதா', குரல் 'ஈலோ தே வோஸ்', சுவர் 'தே பப்பேல்', பையன் 'தெல்காதீத்தோ'. மேலங்கிக்கும் பரிவு வேண்டுமென்று விகுதி சேர்த்து 'அப்ரிகீத்தோ ஃபினீத்தோ' என்று எழுதினேன். வேலை கிடைப்பதற்கு அவளுக்கு இருக்கும் 'ஸ்லிம் சான்ஸ்' ஒன்றுதான் மீதி.

மறுமொழி 1

அந்த 'ஸ்லிம்' உடலைச் சொல்வதன்று, எண்ணிக்கையைச் சொல்வது. 'தேனியா போக்காஸ் பொசிபிலிதாதெஸ்', வாய்ப்புகள் சொற்பம், என்று எழுதினால் போதும். உருவகத்தைத் தூக்கிச் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'ஸ்மால் அவர்ஸ்' என்று வந்தால் ஸ்பானியத்தில் 'அல்தாஸ் ஓராஸ்', உயர்ந்த மணிகள், என்றே ஆகிவிடுகிறது; சிறியது பெரியதாகிப்போனாலும் வாசகருக்கு அதே பின்னிரவுதான்.

'ஃபினீத்தோ' மட்டும் வேண்டாம். 'ஃபீனோ'வின் குறுமை வடிவமாகப் பேச்சில் வருவது உண்மைதான். ஆனால் முடிவுடையது, எல்லைக்குட்பட்டது என்ற பொருளுள்ள கணிதச் சொல்லும் எழுத்துக்கு எழுத்து இதுவேதான். மேலும் அடுத்தடுத்து இரண்டு குறுமை விகுதிகள் வந்தால் குழந்தைப் பாட்டின் சாயல் வந்துவிடும். 'உன் அப்ரிகீத்தோ தே நாதா' என்று போட்டுப் பாருங்கள். 'தே நாதா' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள் 'ஒன்றுமில்லாத'. பேருக்கு ஒரு மேலங்கி, குளிருக்கு அது எந்த மூலைக்கு என்பதுபோல ஒலிக்கும்.

மறுமொழி 2

அதை வைத்தால் பையனுடைய 'தெல்காதீத்தோ'வை 'ஃப்ளாக்கூச்சோ' என்று மாற்றிவிடலாம். ஒரே பத்தியில் '-ஈத்தோ' ஒருமுறை வந்தால் போதும். இனி ஐயம் வரும்போது ஒத்தசொல் பட்டியலுக்குப் போகாமல் மரீயா மொலீனேரின் பயன்பாட்டு அகராதிக்குப் போங்கள். ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பதைக் காட்டுவதுதான் அதன் சிறப்பு. முதற்பதிப்பு 1966-67-இல் வந்தது, நூலகங்களில் கிடைக்கும்.

கேட்டவர்

இரண்டையும் மாற்றிவிட்டேன். இப்போது பத்தி முழுவதிலும் 'தெல்காதோ' ஓரிடத்திலும் இல்லை. வியாழக்கிழமை வகுப்பில் ஒப்படைக்கிறேன். சிவப்புப் பென்சில் மறுபடி விழுந்தால் இங்கேயே வந்து சொல்கிறேன்.