கிளென்டலாக்: தள்ளுவண்டியோடு எதுவரை போகலாம்?

அயர்லாந்தில் இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். வரும் ஞாயிறு விக்லோ மலைகள் தேசியப் பூங்கா, கிளென்டலாக். முழங்கால் வலியுள்ள பாட்டி, ஏழு வயதுப் பையன், தள்ளுவண்டியில் ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட ஆறு பேர்.

அங்குள்ள நடைபாதைகளில் கிரீன் ரோடு சுமார் 3 கிமீ, கிட்டத்தட்ட சமதளம், பாட்டிக்கு அதுதான். பவுலனாஸ் அருவிப் பாதை 2 கிமீகூட இல்லை, ஆனால் ஏற்றம் செங்குத்து, படிகள் வேறு. தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஸ்பிங்க் மலைமுகட்டுப் பாதை 9 கிமீ, 600க்கு மேல் படிகள். அந்தப் பேச்சே வேண்டாம்.

சந்தேகம் மைனர்ஸ் ரோட்டில்தான். மேல் ஏரியின் (அப்பர் லேக்) வடகரையோரம் பழைய சுரங்கம் வரை போய்த் திரும்ப 5 கிமீ. சுரங்கத்தை நெருங்கும்போது கல்லும் பாறையும் என்று தெரியும். சின்னச் சக்கர வண்டி எந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்? குழந்தையை முதுகுப்பையில் தூக்குவதே மேலா?

மேல் ஏரி வாகன நிறுத்தம் ஞாயிறன்று எத்தனை மணிக்கு நிரம்புகிறது? கீழே நிறுத்தினால் பாட்டிக்குக் கூடுதல் நடை.

காற்றில்லாத மந்தார நாளில் ஏரிக்கரையில் மிட்ஜ் என்ற கடிக்கும் குட்டிப் பூச்சி மொய்க்கும். ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தடவக்கூடிய பூச்சிவிரட்டி எது? உண்ணிக்கு முழுக்கால்சட்டை, காலுறைக்குள் செருகிய நுனி, உண்ணி எடுக்கும் கொக்கி எல்லாம் தயார். பூங்காவில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் சாப்பாடு புளியோதரைதான், அதில் ஆலோசனை தேவையில்லை!