மைத்துனரின் காரை ஓட்டினேன், காப்பீடு இல்லை என்று அபராதம்: பொறுப்பு யாருக்கு?

மேலூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். ஒரு திருமணத்துக்குப் போவதற்காக என் மைத்துனரின் காரைக் கடந்த வாரம் வாங்கிச் சென்றிருந்தேன். வழியில் நடந்த வாகனச் சோதனையில், ஜூலை மாதத்தோடு காப்பீடு முடிந்துவிட்டது என்று சொல்லி 2,000 ரூபாய்க்கு இ-சலான் போட்டார்கள். மைத்துனரிடம் கேட்டபோது, வேலை நெருக்கடியில் புதுப்பிக்க மறந்துவிட்டதாக வருந்தினார். முடிந்து பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. இதற்குச் சலுகை நாள்கள் எதுவும் இல்லையா? இன்றே புதுப்பித்து அந்தத் தாளைக் காட்டினால் சலானை நீக்குவார்களா? வண்டி என்னுடையது இல்லை என்னும்போது அபராதத்தை நான் கட்ட வேண்டுமா, அவர் கட்ட வேண்டுமா?

வழக்குக்கட்டு:
மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, மூன்றாம் தரப்புக் காப்பீடு (நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது) இல்லாமல் எந்த வண்டியும் பொது இடத்தில் ஓடக் கூடாது என்கிறது. மீறினால் தண்டனை 196ஆம் பிரிவில் இருக்கிறது: முதல் முறை 2,000 ரூபாய், மீண்டும் பிடிபட்டால் 4,000 ரூபாய், இரண்டிலுமே மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் அபராதத்தின் உச்ச வரம்பே ஆயிரம் ரூபாய்தான். ஓட்டியவரை மட்டுமின்றி, ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் அந்தப் பிரிவு சேர்த்தே சொல்வதால், சாவியைக் கொடுத்த உங்கள் மைத்துனரும் சட்டப்படி தப்ப முடியாது. பணம் யார் கையிலிருந்து போவது என்பதை நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அதில் சட்டம் தலையிடாது.

சலுகை நாள்கள் என்று பலர் சொல்வது வேறொன்று. காப்பீடு முடிந்த 90 நாள்களுக்குள் புதுப்பித்தால் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுக்காகக் கிடைக்கும் கட்டணத் தள்ளுபடி) போகாது, அவ்வளவுதான். இடைப்பட்ட நாள்களில் வண்டிக்குக் காப்பீடு இருந்ததாக அது பொருள்படாது. இன்று எடுக்கும் பாலிசி அதில் குறித்திருக்கும் நேரத்திலிருந்துதான் உயிர் பெறும் என்பதால், கடந்த வாரத்துச் சலானுக்கு அது விடையாகாது.

2,000 ரூபாயைப் பெரிதாக நினைக்காதீர்கள். அந்தப் பத்தொன்பது நாள்களில் வண்டி யார் மேலாவது மோதியிருந்தால், வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதையும் உரிமையாளரும் ஓட்டியவரும் சொந்தக் காசிலிருந்து கொடுத்திருக்க வேண்டும். சம்பாதிக்கும் வயதில் இருந்த ஒருவர் இறந்தால் அத்தொகை சில பத்து லட்சங்களைத் தாண்டுவது வெகு சாதாரணம். தவிரவும், காப்பீடு இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் போதிய பிணை கொடுக்காமல் உரிமையாளர் அதை மீட்க முடியாதபடியும், மூன்று மாதத்துக்குள் பிணை வராவிட்டால் ஏலம் விட்டு அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்தும்படியும் விதி கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் மாநிலங்களைப் பணித்தது.

பழைய அம்பாசடர்:
மேலே நண்பர் சொன்ன சட்டத்தில் பிழை இல்லை. ஆனாலும் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி: கார் எந்த ஆண்டு வாங்கியது?

மேலூர்வாசி:
2024 ஜூலையில் புதிதாக வாங்கியது ஐயா. 1,197 சிசி பெட்ரோல் வண்டி.

பழைய அம்பாசடர்:
அப்படியென்றால் சலானையே சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவினால், 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டுக்கான மூன்றாம் தரப்புக் காப்பீட்டைச் சேர்த்தே விற்கிறார்கள். இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியைப் பெரும்பாலோர் ஓராண்டுக்கு மட்டும் எடுக்கிறார்கள். ஆகவே ஒரே பாலிசித் தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். ஜூலையில் முடிந்தது ஓன் டேமேஜாக இருக்கும் என்பது என் கணிப்பு. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்பை மட்டுமே. ஓன் டேமேஜ் இல்லாமல் ஓட்டுவது அசட்டுத்தனமாக இருக்கலாம், குற்றம் ஆகாது.

பாலிசியில் மூன்றாம் தரப்புக்கான அடிப்படைக் கட்டணத்தைப் பாருங்கள். ஆயிரம் சிசிக்கு மேல் 1,500 வரையிலான காருக்கு மூன்று ஆண்டுக் கட்டணம் 10,640 ரூபாய், ஓராண்டுக்கு 3,416 ரூபாய். 10,640 என்று இருந்தால் கவலையை விடுங்கள்.

மேலூர்வாசி:
மைத்துனர் பாலிசியின் படத்தை இப்போதுதான் அனுப்பினார். ஓன் டேமேஜ் 2025 ஜூலையிலும் மூன்றாம் தரப்பு 2027 ஜூலையிலும் முடிவதாகத் தெளிவாக அச்சிட்டிருக்கிறது. நீங்கள் சொன்ன 10,640 ரூபாயும் அப்படியே இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து இந்தத் தாளை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். இனி நான் என்ன செய்ய வேண்டும்?

வழக்குக்கட்டு:
நானும் வண்டி வாங்கிய ஆண்டைக் கேட்காமல் விடை எழுதிவிட்டேன். பழைய அம்பாசடருக்கு நன்றி. இணையத்தில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள், ஏனெனில் அது குற்றத்தை ஒப்புக்கொண்டு இணங்கித் தீர்த்ததாக ஆகிவிடும். நாளை வேறொரு சமயம் பிடிபட்டால் இரண்டாவது குற்றம் என்று கணக்கிடவும் வழி பிறக்கும். சோதனையின்போது கையில் இல்லாத ஆவணத்தைக் கேட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் காட்ட மத்திய மோட்டார் வாகன விதி 139 இடம் தருகிறது. ஆகவே பாலிசியின் நகலோடு சலான் போட்ட காவல் நிலையத்தில் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள். இ-சலான் தளத்தில் உள்ள புகார்ப் பகுதியிலும் அதே நகலைப் பதிவேற்றுங்கள். அவர்கள் நீக்க மறுத்து விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனாலும், நடப்பில் உள்ள பாலிசியைவிட வலுவான சான்று உங்களுக்குத் தேவைப்படாது.

பழைய அம்பாசடர்:
கூடவே ஓன் டேமேஜையும் இந்த வாரமே புதுப்பிக்கச் சொல்லுங்கள். இடைவெளி விழுந்துவிட்டதால் வண்டியை நேரிலோ கைப்பேசிப் படங்கள் வழியாகவோ பார்த்த பிறகுதான் நிறுவனம் பாலிசி தரும். முதல் ஆண்டில் இழப்பீடு எதுவும் கோராமல் இருந்திருந்தால் 20 விழுக்காடு போனஸ் உண்டு. 90 நாளில் ஏறக்குறைய ஒரு மாதம் கரைந்துவிட்டது.

மேலூர்வாசி:
இன்று எட்டாவது நாள். நாளைக் காலை விண்ணப்பத்தோடு காவல் நிலையத்துக்குப் போகிறேன், மைத்துனரும் உடன் வருகிறார்.