அது எந்த 100 கோடி? வசூல் போஸ்டரையும் டைரக்டர் ஸ்டைலையும் சரிபார்க்கும் முறை

படம் வெளியான சில நாளில் ‘100 கோடி’ போஸ்டர் வந்ததும் ரசிகர்கள் மோத ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, அது எந்த 100 கோடி? போஸ்டரில் இருப்பது பெரும்பாலும் உலக அளவிலான கிராஸ், அதாவது ரசிகர்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த மொத்தப் பணம், வரியோடு சேர்த்து. வரியைக் கழித்தால் நெட். அதில் தியேட்டர்காரர் பங்கு போக விநியோகஸ்தர் கைக்கு வருவது ஷேர். போட்ட பணம் தேறியதா என்பது ஷேரை வைத்துத்தான் தெரியும்.

அடிப்படை விலை 150 ரூபாய் உள்ள டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 27 ரூபாய் சேர்ந்து 177. தமிழ்நாட்டில் இதன்மேல் உள்ளாட்சி கேளிக்கை வரியும் உண்டு. ஆப்பில் கட்டுகிற புக்கிங் கட்டணம் கிராஸில் வராது. நிறையப் பேர் தவறுவது இங்கேதான்: கிராஸ் 100 கோடி என்றால் 18-ஐக் கழித்து நெட் 82 என்று எழுதிவிடுகிறார்கள். வரி அடிப்படை விலையின் மேல் போடப்படுவதால் 1.18-ஆல் வகுக்க வேண்டும். கேளிக்கை வரியை விட்டுவிட்டு, எல்லா டிக்கெட்டும் 18 சதவீத வகை என்று வைத்துக்கொண்டால் விடை சுமார் 84.7 கோடி. இதுவும் இந்திய வசூலுக்கு மட்டும்தான் பொருந்தும், வெளிநாட்டுத் தொகையைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

இந்திப் பட வசூலை நெட்டில் சொல்வது வழக்கம். தெலுங்கில் ஷேர் பேசுவார்கள், நம்மிடம் கிராஸ்தான் புழக்கம். ஓர் இந்திப் படத்தின் இந்திய நெட்டையும் தமிழ்ப் படத்தின் உலக கிராஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘முறியடித்தது’ என்று போடுவது கணக்கே இல்லை.

பங்கு விகிதமும் வாரத்துக்கு வாரம் இறங்கும். 2009-இல் இந்திப் படங்களுக்கு மல்டிபிளக்ஸ்களோடு போட்ட உடன்பாட்டில் விநியோகஸ்தருக்கு முதல் வாரம் 50, அடுத்தடுத்து 42.5, 37.5, 30 சதவீதம். தமிழில் படத்துக்குப் படம், ஏரியாவுக்கு ஏரியா (விநியோகத்துக்காகப் பிரித்த பகுதி) பேரம். அதனால் ஒரே கிராஸ் எடுத்த இரண்டு படங்களில், முதல் வாரத்திலேயே அள்ளிய படத்துக்கு ஷேர் கூடுதலாக நிற்கும். எம்.ஜி. (படம் ஓடாவிட்டாலும் திருப்பித் தராத குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) அடிப்படையில் விற்றிருந்தால் தயாரிப்பாளர் தப்பித்து, ஏரியா எடுத்தவர் மாட்டிக்கொள்வதும் நடக்கும். ‘ஹிட்டா?’ என்று கேட்பதைவிட, செங்கல்பட்டு ஏரியா என்ன விலைக்குப் போனது, என்ன ஷேர் வந்தது, மதுரை–ராமநாதபுரத்தில் என்ன ஆனது என்று கேட்பதே உருப்படியான கேள்வி.

–––

டிராக்கர்கள், அதாவது வசூலைக் கணக்கிட்டு இணையத்தில் போடுகிறவர்கள், புக்கிங் ஆப்பின் சீட் மேப்பை எண்ணுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேப்பில் கிடைக்காது என்று காட்டும் சீட் எல்லாம் விற்றுப்போன சீட் அல்ல. கவுன்டருக்கென்று தியேட்டர் நிறுத்திவைத்த வரிசையும் அப்படியேதான் தெரியும். நடு சீட்டுகள் காலியாக இருக்க, ஓரத்தில் ஒரு வரிசை முழுக்க ஒரே மூச்சில் மறைந்தால் அது பிளாக் செய்தது என்று சந்தேகப்படலாம். காட்சி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எண்ணுங்கள், நிறுத்திவைத்தவை பெரும்பாலும் அதற்குள் திறந்திருக்கும். பால்கனி, முதல் வகுப்பு என்று விலை வேறுபட்டால் வகுப்புவாரியாகப் பெருக்குங்கள். ‘24 மணி நேரத்தில் இத்தனை டிக்கெட்’ என்று ஓர் ஆப் காட்டுவது அந்த ஆப்பில் விற்றது மட்டும். அதே தியேட்டர் இன்னோர் ஆப்பிலும் விற்கும். சிறு ஊர்களில் கவுன்டர் விற்பனை எந்த ஆப்பிலும் வராது. அங்கே எண்ணி எழுதுகிற எந்தத் தொகையும் ஊகம்தான், ஊகம் என்று சொல்லிவிட்டே போட வேண்டும்.

–––

டைரக்டர் ஸ்டைல் விஷயத்திலும் இதே குழப்பம். எது இயக்குநருடையது, எது ஒளிப்பதிவாளருடையது? கேமராமேன் மாறியும் மாறாமல் இருப்பதைத் தேடுவதுதான் எனக்குத் தெரிந்த நம்பகமான வழி. மணிரத்னத்தை எடுத்துக்கொண்டால் ‘நாயகன்’ (1987) பி.சி.ஸ்ரீராம், ‘தளபதி’ (1991) சந்தோஷ் சிவன், ‘பம்பாய்’ (1995) ராஜீவ் மேனன், ‘பொன்னியின் செல்வன்’ (2022) ரவி வர்மன். ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கேமரா கண் மட்டத்தில் இருக்கிறதா, பேசும்போது ஆட்கள் நிற்கிறார்களா நகர்கிறார்களா, எந்த இடத்தில் வெட்டு விழுகிறது என்று குறித்துக்கொண்டே போனால் பொதுவானவை தானே மேலே வரும். பாலு மகேந்திராவிடம் இந்தச் சோதனை செல்லாது, தன் படங்களுக்கு அவரே ஒளிப்பதிவாளர்.

‘படம் ஒரே இருட்டு’ என்று இயக்குநரைத் திட்டுமுன் திரையையும் சந்தேகப்படுங்கள். டிஜிட்டல் சினிமாவுக்கான திரை வெளிச்ச அளவு 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு). ஆயுள் முடியப்போகிற புரொஜெக்டர் செனான் விளக்கு, 3டி ஃபில்டரைக் கழற்றாமல் ஓட்டிய 2டி காட்சி இரண்டுமே இதற்குக் கீழே இறக்கிவிடும். இரவுக் காட்சியில் கறுப்புச் சட்டையின் மடிப்பு தெரியாமல் ஒரே கறையாக நின்றால், அதே படத்தை வேறொரு திரையில் பார்த்துவிட்டு எழுதுவதுதான் நியாயம்.