பெட்டியில் 3,500, மேசையில் 80: எஸ்.எஸ்.டி. வாங்கியவர்களின் அனுபவங்கள்

கல்யாண வீடியோ தொகுப்பவர், மதுரை

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் 1 டிபி என்விஎம்இ எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கினேன். எஸ்.எஸ்.டி. என்றால் சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்; என்விஎம்இ அதில் வேகமான வகை. கடையில் இருந்ததிலேயே விலை குறைவு. அட்டைப்பெட்டியில் 'நொடிக்கு 3,500 எம்பி வரை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த 'வரை' மட்டும் எறும்பு எழுத்தில் இருந்தது. மாட்டியவுடன் வேகம் அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் மென்பொருளை ஓட்டினேன். 3,420 காட்டியது. அதைப் படம் பிடித்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். பெருமைதான், வேறென்ன.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது மாதம் ஒரு கல்யாணம். முந்தைய நாள் நிச்சயதார்த்தம், காலை முகூர்த்தம் இரண்டும் சேர்த்து 210 ஜிபி. வேறொரு எஸ்.எஸ்.டி.யில் இறக்கிவைத்திருந்ததை இதற்கு நகலெடுத்தேன். இதில் ஏற்கெனவே 610 ஜிபி நிறைந்திருந்தது. விண்டோஸ் காட்டும் பச்சை வரைபடம் முக்கால் நிமிடம் வரை மேசைப் பலகைபோலத் தட்டையாக, நொடிக்கு 1,700 எம்பியில் போனது. 80 ஜிபியைத் தாண்டியதும் கிணற்றுக்குள் விழுந்ததுபோலச் செங்குத்தாக இறங்கியது. வெறும் 80 எம்பி! மூலையில் கிடக்கும் என் பழைய ஹார்ட் டிஸ்க் கூட இதைவிட வேகமாக எழுதும். மீதி 130 ஜிபிக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். மாலை வரவேற்பில் திரையிட வேண்டிய மூன்று நிமிடக் காட்சிக்காக மணப்பெண்ணின் அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "என்ன தம்பி, கரண்ட் இல்லையா?" என்று வேறு கேட்டார்.

டிஸ்க் பழுது என்றுதான் நினைத்தேன். பழுதில்லை, அதன் பிறவிக் குணமே அப்படி. இது கியூஎல்சி வகை: சில்லில் இருக்கும் ஒவ்வொரு நுண்ணிய சேமிப்பு அறையிலும் நான்கு பிட்டுகள். ஒரே அறைக்குள் நான்கு பிட்டுகளை அடைப்பதற்கு 16 மின்னழுத்த நிலைகளைத் துல்லியமாகப் பிரித்து எழுத வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அதை மறைக்க, காலியாக இருக்கும் அறைகளில் முதலில் ஒரு பிட் வீதம் வேகமாக எழுதி வைத்துக்கொள்கிறது. பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் நான்கு நான்காகச் சுருக்கி அடுக்குகிறது. வண்டியில் வந்த நெல் மூட்டைகளைத் திண்ணையில் இறக்கிவிட்டு, ஆள் ஓய்ந்த பிறகு குதிரில் கொட்டுவதுபோல. ஆனால் இந்த வீட்டில் திண்ணைக்குத் தனி இடம் கிடையாது. குதிரின் காலி இடம்தான் திண்ணை. கணக்கும் பொருந்துகிறது: அன்று காலியாக இருந்தது 320 ஜிபி. அறைக்கு ஒரு பிட் என்றால் அதில் நான்கில் ஒரு பங்குதான் கொள்ளும், 80 ஜிபி. எல்லாத் தயாரிப்பும் காலி இடம் முழுவதையும் இப்படித் திண்ணையாக்குவதில்லை, என்னுடையது ஆக்கியது.

கிரிஸ்டல்டிஸ்க்மார்க் ஏன் இதைச் சொல்லவில்லை? அது வழக்கமாக எழுதிப் பார்ப்பது 1 ஜிபி. திண்ணையில் ஒரு மூட்டையை வைத்துவிட்டு 'வீடு பெரிது' என்று சான்றிதழ் கொடுத்த கதை. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பழுது பார்க்கும் கடைக்காரர், திருநெல்வேலி

தம்பி சொல்வது சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் மலிவான எஸ்.எஸ்.டி.யே வேண்டாம் என்று ஓடிவிடக் கூடாது. என் கடைக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகள் இன்னமும் வருகின்றன. போன மாதம் ஒரு பெண் கொண்டுவந்தார், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறாராம். திறந்தால் மூன்று நிமிடம் கழித்துத்தான் திரை வேலைக்கு வரும். "அண்ணா, நான் பொத்தானை அமுக்கிவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுவேன்" என்றார். உள்ளே இருந்தது நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க். தட்டு அரைச் சுற்று சுற்றவே 5.5 மில்லி நொடி. முள் நகரும் நேரம் தனி. எஸ்.எஸ்.டி.யில் சுற்றவும் ஒன்றும் இல்லை, நகரவும் ஒன்றும் இல்லை. இருந்ததிலேயே மலிவான 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன், சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் மாட்டுவது. இருபது நொடியில் திறந்தது. அவருக்கு 3,500 எதற்கு? சாட்டாவின் உச்சமே 550 எம்பிதான். அந்த 550ஐயும் அவர் ஒரு நாளும் தொடப்போவதில்லை. பழைய கணினிக்கு இதைவிட லாபமான செலவு எனக்குத் தெரியாது.

240 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 223 என்று காட்டும். கடைக்காரன் திருடிவிட்டான் என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். நிறுவனம் ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது.

வங்கி ஊழியர், திருச்சி

என்னுடையது வெட்கக் கதை. இணையக் கடையொன்றில் '16 டிபி கையடக்க எஸ்.எஸ்.டி.', விலை 1,899 ரூபாய். அசல் 1 டிபியே அதைவிடப் பல மடங்கு விலை என்று தெரிந்தும் வாங்கினேன். ஆசை யாரை விட்டது? கணினியில் செருகினால் 16 டிபி என்றே காட்டியது. குழந்தையின் படங்களையெல்லாம் ஏற்றினேன். கோப்புகளின் பெயர்கள் இருந்தன, சிறிய படங்கள்கூடச் சில தெரிந்தன. திறந்தால் பாதிக்கு மேல் வெறும் சாம்பல் நிறம். வெளிக்கூட்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு, பசை போட்டு ஒட்டியிருந்தது. கொள்ளளவை மட்டும் பொய்யாகச் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். நிறைந்த பிறகு எழுதியதெல்லாம் காற்றில் எழுதியது. நல்லவேளை, கைப்பேசியில் அசல் படங்களை அழிக்கவில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் முழுவதையும் நிரப்பித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். இப்போது பென் டிரைவ் வாங்கினாலும் முதலில் அதைத்தான் ஓட்டுகிறேன்.

மென்பொருள் ஊழியர், கோவை

ஆயுள் பற்றி யாரும் எழுதவில்லையே. என்னிடம் சாம்சங் 860 ஈவோ, 250 ஜிபி இருக்கிறது. 150 டிபி எழுதும் வரை அல்லது ஐந்து ஆண்டு வரை உத்தரவாதம், எது முதலில் வருகிறதோ அது. தினமும் எட்டு மணி நேரம் வேலை செய்தும் ஐந்து ஆண்டில் நான் எழுதியது 31 டிபி. டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். வீட்டு உபயோகத்தில் எழுதி எழுதித் தேயும் என்ற பயம் வீண்.

ஆனால் வேறொரு நிறுவனத்தின் டிஸ்க் என் அலுவலக மேசையில் ஒரு திங்கட்கிழமை காலை காணாமல் போனது. இடத்தில்தான் இருந்தது; கணினிதான் அப்படியொன்று இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் கரகரவென்று முனகும், உயில் எழுத நேரம் கொடுக்கும். இது முனகவே இல்லை. மூன்று ஆண்டு உத்தரவாதத்தில் புது டிஸ்க் வந்தது, காலியாக. உத்தரவாதம் பொருளுக்குத்தானே.

கல்லூரி மாணவர், சேலம்

நொடிக்கு 7,000 எம்பி போகும் டிஸ்கை விளையாட்டுக்காக வாங்கினேன். என் லேப்டாப்பில் டிஸ்கை இணைக்கும் பாதை பழைய தலைமுறை பிசிஐஇ 3.0 என்று பிறகுதான் பார்த்தேன். 3,500ஐத் தாண்டவில்லை. விளையாட்டு திறக்கும் நேரத்தில் பழைய டிஸ்குக்கும் இதற்கும் ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கல்யாண வீடியோ தொகுப்பவர், மதுரை

சேலத்துத் தம்பி, லேப்டாப் மாற்றும்போது அந்த டிஸ்க் கூடவே வரும், கவலை வேண்டாம்.

நான் கடைசியில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அதே கடையில் டிஎல்சி வகை (அறைக்கு மூன்று பிட்), டிராம் என்ற தற்காலிக நினைவகம் உள்ள 1 டிபி ஒன்றை 2,100 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். வாங்கிய அன்றே 600 ஜிபியை நிரப்பி, அதன் மேல் அதே 210 ஜிபியை ஏற்றினேன். இதுவும் இறங்கத்தான் செய்தது. ஆனால் 900 எம்பியில் நின்றுகொண்டது; மொத்தமாக நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. பழைய கியூஎல்சி இப்போது முடிந்த கல்யாணங்களுக்கு. ஒருமுறை எழுதிவிட்டு அவ்வப்போது படிக்கிற வேலையை அது அருமையாகச் செய்கிறது. கால்வாசியைக் காலியாகவே விட்டுவைத்திருக்கிறேன். கோவைக்காரர் எழுதியதைப் படித்த பிறகு, எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி அந்த மூலையில் கிடந்த ஹார்ட் டிஸ்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. இப்போது 46 சதவீதம். நொடிக்கு 110 எம்பி.