அப்பத்தா வாரிசுகள் குழு: களரிக்கு எந்த வண்டி?

கார்த்தி: எல்லாருக்கும் ஒரு விஷயம். நம் குலதெய்வக் கோயில் மாசிக் களரித் திருவிழாவுக்கு இந்தத் தடவை வேன் பிடிக்க வேண்டாம், நம் வண்டியிலேயே போகலாம். மஹிந்திராவின் ஐந்து கதவு ஜீப், தார் ராக்ஸ் பார்த்துவிட்டு வந்தேன், நாளை முன்பணம் கட்டலாமா என்று யோசனை. இப்போதே கருத்து சொல்லிவிடுங்கள், அப்புறம் எங்களிடம் கேட்கவே இல்லையே என்று பேச்சு வரக்கூடாது.

கார்த்தி: (படம்)

தினேஷ்: மச்சான்!!! கறுப்பா?

கார்த்தி: கறுப்பேதான்

அம்மா: கறுப்பு வேண்டாம்

செல்வி அத்தை: படம் திறக்கவில்லை

செல்வி அத்தை: திறந்துவிட்டது. பீரோவுக்குச் சக்கரம் மாட்டியது போல இருக்கிறது மருமகனே

கவிதா: முன்பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது அத்தை, உருண்டை விளக்கு, நிமிர்ந்த கண்ணாடி. பின் கதவில் இருக்கிற அந்த முக்கோணக் கண்ணாடிதான் எனக்கு ஒட்டவே இல்லை. மூன்று கதவு தாரை நீட்டியதில் மிஞ்சிய இடத்தை எப்படியோ அடைத்திருக்கிறார்கள்.

பாண்டி மாமா: மாப்பிள்ளை, அழகு கிடக்கட்டும், அளவைப் பார். மூன்று கதவு தார் நாலு மீட்டருக்குள் அடங்கும், நாலு பேர்தான் உட்காரலாம், பின்னால் போகிறவர் முன் சீட்டை மடக்கிவிட்டு நுழைய வேண்டும். இது 4,428 மி.மீ. நீளம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே மட்டும் 2,850. அதனால் பின்னால் மூன்று பேர் கால் நீட்டி உட்காரலாம். ஆனால் நடு நீளம் கூடினால் மேட்டு உச்சியில் வயிறு தட்டும், அந்தக் கோணம் சின்னதில் 27 டிகிரி, இதில் 23.9. முன்பக்கம் ஏறுகிற கோணம் 41.7, அதில் குறை சொல்ல முடியாது. தண்ணீரில் 650 மி.மீ. ஆழம் வரை இறங்கலாம் என்கிறார்கள், நம் ஓடையில் மாசி மாதம்

பாண்டி மாமா: கை பட்டுப் போய்விட்டது. நம் ஓடையில் மாசி மாதம் அவ்வளவு தண்ணீர் வராது.

தினேஷ்: அப்பா எழுத ஆரம்பித்தால் நான் குளித்துவிட்டு வந்துவிடலாம்

அம்மா: ஓடையில் தண்ணீர் ஏது அண்ணே, மணல்தானே. போன தடவை வேன் புதையவில்லையா

செல்வி அத்தை: வேன் புதைந்ததற்கு மணல் காரணம் இல்லை. இறங்கித் தள்ளுங்கள் என்றால் சிலர் இறங்கவே இல்லை. பெயர் சொல்ல மாட்டேன்

ராமு பெரியப்பா: எனக்கு முழங்கால் வலி என்று அன்றைக்கே சொன்னேன்

பாண்டி மாமா: மணல் என்றால் கதையே வேறு. நீ பார்த்தது பெட்ரோலா டீசலா?

கார்த்தி: பெட்ரோல் ஆட்டோமேட்டிக் மாமா

பாண்டி மாமா: அப்போது அது வெறும் பின் சக்கர வண்டி. ராக்ஸில் ஃபோர்வீல், அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற வசதி, டீசலுக்கு மட்டும்தான். 2024-இல் வந்தபோது பெட்ரோல் 12.99 லட்சத்தில் ஆரம்பித்தது, ஃபோர்வீல் 18.79 லட்சத்தில், இரண்டும் ஷோரூம் விலை. தெருவில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் தெரியாது. மணலில் தெரியும்.

கார்த்தி: வருடத்துக்கு ஒரு நாள் மணலுக்கு ஆறு லட்சமா மாமா

கவிதா: களரிக்கு என்றுதானே பேச்சையே ஆரம்பித்தாய். ஆபீஸ் போய்வர என்றால் சாதாரண காரே போதும், ஏற இறங்கவும் சுலபம், மைலேஜும் கூட வரும். தோற்றத்துக்காக வாங்குகிறேன் என்றால் அதையே சொல்லிவிடு, அதில் தப்பே இல்லை

கார்த்தி: தோற்றமும்தான்

கவிதா: மாருதி ஜிம்னி பார்த்தாயா? அதில் எல்லா மாடலிலும் ஃபோர்வீல் உண்டு. அடக்கமாக, அழகாக

தினேஷ்: அதுவும் நாலு பேர்தான். டிக்கி 208 லிட்டர். பொங்கல் பானையை வைத்தால் வேறு எதுவும் போகாது

ராமு பெரியப்பா: கிடாய் எதில் வரும்

அம்மா: டெம்போவில்

ராமு பெரியப்பா: டெம்போ வாடகை யார் கணக்கு

செல்வி அத்தை: அண்ணன் ஆரம்பித்துவிட்டார்

கார்த்தி: ராக்ஸ் டிக்கி கூரை வரை அடுக்கினால் 644 லிட்டர். ஆனால் கிடாய் வேண்டாம், சீட்டெல்லாம் வெள்ளை

அம்மா: வெள்ளையா!

கவிதா: செம்மண் பாதைக்கு வெள்ளை சீட்டு. யார் யோசனையோ

கார்த்தி: பழுப்பும் இருக்கிறது. ஃபோர்வீலில் மட்டும்

பாண்டி மாமா: பார்த்தாயா

பாண்டி மாமா: இன்னொன்று. 1947-இல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைப் பூட்டித்தான் மஹிந்திரா வண்டித் தொழிலுக்கே வந்தது. அந்த உருண்டை விளக்கு, தட்டையான மட்கார்டு எல்லாம் அந்த வழியில் வந்தவை. நம் மாமனார் வைத்திருந்த ஜீப்பும் அதே வம்சம்.

செல்வி அத்தை: அந்த ஜீப் பேச்சு இப்போது எதற்கு

ராமு பெரியப்பா: பேசட்டும். கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை நான்தான் விற்றேன். எல்லாருக்கும் பங்கு கொடுத்தேன்

செல்வி அத்தை: எனக்கு வரவில்லை

ராமு பெரியப்பா: உன் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன்

தினேஷ்: அப்பா?

பாண்டி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அத்தை: எதை அழித்தீர்கள்

பாண்டி மாமா: எழுத்துப்பிழை

அம்மா: அப்பத்தாவால் ஏற முடியுமா, முதலில் அதைச் சொல்லுங்கள்

கார்த்தி: சைடு ஸ்டெப் இருக்கிறது அம்மா

கவிதா: ஸ்டெப் இருந்தாலும் உயரம்தான். பின் கதவுக் கைப்பிடி வேறு ஓரத்தில் செங்குத்தாக இருக்கிறது, அப்பத்தா கை அங்கே எட்டாது. டிக்கிக் கதவு பக்கவாட்டில் திறக்கும், ஸ்டெப்னியும் அதிலேதான் தொங்குகிறது. நம் போர்டிகோவில் பின்னால் சுவர். தினமும் வண்டியை வெளியே எடுத்துவிட்டுத்தான் மளிகை இறக்க வேண்டும்

தினேஷ்: பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம், அதையும் சொல்லுங்கள்

கவிதா: அப்பத்தாவிடம் கேட்டேன். சொன்னது அப்படியே: "முன் சீட்டுன்னா ஏறிக்குவேன், பின்னாடின்னா வாந்தி வரும். ஒரு முக்காலி போட்டாப் போதும். கறுப்பு வேணாம்னு எவ சொன்னா, சாமி பேரே கருப்பு."

தினேஷ்: 🔥🔥🔥

அம்மா: எவ என்றா சொன்னார்

கவிதா: அப்படியேதான் அம்மா

பாண்டி மாமா: ஞாயிற்றுக்கிழமை டீசல் ஃபோர்வீலை ஓட்டிப் பார்ப்போம், அப்பத்தாவையும் ஏற்றிப் பார்ப்போம். அதுவரை முன்பணம் கட்டாதே.

கார்த்தி: சரி மாமா. கறுப்பு முடிவுதானே?

அம்மா: இல்லை

தினேஷ்: ஆமாம்

செல்வி அத்தை: ஞாயிறு எங்களால் வர முடியாது, கல்யாண வீடு இருக்கிறது. உன் மாமாவுக்கும் எனக்கும் அதற்குமுன் கொஞ்சம் கணக்கு பேச வேண்டியிருக்கிறது