சித்தப்பா நோட்டில் "ஏடி எக்ஸ்3 எம்0 டிபி": இது என்ன?

குரோம்பேட்டைப் பையன்:
சித்தப்பா வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு பழைய மோடம், அதாவது கம்ப்யூட்டரை போன் லைன் வழியாக இணைக்கும் பெட்டி, கிடைத்தது. மேஜைமேல் வைக்கிற வகை, முன்பக்கம் வரிசையாகச் சின்ன விளக்குகள். கூடவே ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் "ஏடி எக்ஸ்3 எம்0 டிபி" என்று எழுதி, பக்கத்தில் 172 என்று தொடங்கும் ஒரு எண். கீழே "ஷெல், ஸ்டூடன்ட், 500". அவர் 97இல் சென்னையில் கல்லூரியில் படித்தவர். கேட்டால் "அதெல்லாம் ஒரு காலம்டா" என்று சிரிக்கிறார், அதற்குமேல் ஒன்றும் பெயரவில்லை. ஷெல் கணக்கில் படமே தெரியாதாமே, அப்புறம் எதற்கு அதை வாங்கினார்கள்? இந்த மோடத்தை இப்போது ஓட்ட முடியுமா?

மாம்பலம் டெர்மினல்:
தம்பி, உங்கள் சித்தப்பா வீட்டில் எல்லோரும் தூங்கியபிறகு ஆன்லைன் போனவர். அந்த எம்0 காட்டிக்கொடுக்கிறது. மோடத்தின் ஸ்பீக்கரை ஊமையாக்கும் கட்டளை அது. போடாவிட்டால் அந்தக் கீச்சொலியில் தெருவே எழுந்துவிடும்.

மற்றதையும் சொல்கிறேன். ஏடி என்றால் "மோடமே, கவனி". எக்ஸ்3 என்றால் டயல் டோனுக்காகக் காத்திராமல் எண்ணைச் சுழற்று. அமெரிக்க டோனுக்காகச் செய்த மோடங்களுக்கு நம்மூர் டோன் பிடிபடாது; ரிசீவரில் நன்றாகக் கேட்கும்போதே "நோ டயல்டோன்" என்று அடம்பிடிக்கும். டிபி என்பது பல்ஸ் டயலிங், பழைய சுழல்வட்டு போன் மாதிரி டக் டக்கென்று துடிப்புகளாக எண்ணை அனுப்புவது. உங்கள் சித்தப்பா வீட்டு எக்ஸ்சேஞ்ச் பழசாக இருந்திருக்க வேண்டும்.

ஷெல் விஷயத்துக்கு வருவோம். அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் திறந்தது 1995 ஆகஸ்ட் 15. படத்தோடு பார்க்கும் டிசிபி/ஐபி கணக்குக்கு 15,000 ரூபாய். மாணவர் ஷெல் கணக்குக்கு 500. எங்கள் வீட்டில் 15,000 என்று வாயைத் திறந்திருந்தால் மோடத்தோடு என்னையும் வெளியே வைத்திருப்பார்கள்.

ஷெல்லில் உங்கள் கம்ப்யூட்டர் இணையத்திலேயே இருக்காது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். இணையத்தில் இருப்பது விஎஸ்என்எல்லில் இருக்கிற யுனிக்ஸ் இயந்திரம். வீட்டு பிசி அதற்கு ஒரு திரையும் விசைப்பலகையும்தான். மெயில் படிக்கும் பைன், எழுத்தை மட்டும் காட்டும் லிங்க்ஸ் பிரவுசர் எல்லாம் ஓடுவது அங்கே. போன் லைனில் வருவது வெறும் எழுத்து. அதனால் நொடிக்கு 9600 பிட் வேகத்திலேயே பக்கம் சட்டென்று வந்துவிடும். 15,000 கட்டினவர் படம் கோடு கோடாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார், நாங்கள் அடுத்த பக்கம் போயிருப்போம். எனக்கு இன்னும் அதில் ஒரு கர்வம் உண்டு.

கோப்பு இறக்குவதுதான் கூத்து. முதலில் அது அந்த யுனிக்ஸ் இயந்திரத்துக்கு வரும். அது நொடியில் முடிந்துவிடும். "வந்தாச்சு" என்று நினைக்கக் கூடாது. அப்புறம் எஸ்இசட் என்ற கட்டளையைத் தட்டி, இசட்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையில் வீட்டுக்கு இறக்க வேண்டும். 9600இல் 1 எம்பிக்கு ஏறக்குறைய 18 நிமிடம். நடுவில் அக்கா ஹாலில் இருக்கும் இன்னொரு போனை எடுத்து "ஹலோ" என்பாள். திரை முழுக்க அடைப்புக்குறியும் அலைக்கோடுமாகக் கொட்டும், கடைசியில் "நோ கேரியர்", அதாவது இணைப்பு அறுந்தது. நல்லவேளை, இசட்மோடம் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதை எழுதிய புண்ணியவானுக்குக் கோயில் கட்டலாம்.

தமிழ்? மயிலை என்ற தமிழ் எழுத்துருவில் அடித்த பக்கங்கள் லிங்க்ஸில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கடிதமெல்லாம் "vanakkam" பாணியில் ஆங்கில எழுத்தில்தான். தமிழ் இலக்கிய நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியபோது அதைத் தமிழ் எழுத்தில் பார்க்க வேறு ஒருவர் வீட்டுக்குத்தான் போனேன்.

லைன்மேன் மகன்:
மாம்பலத்தார் கீச்சொலி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது சும்மா இரைச்சல் இல்லை. போனை எடுத்ததும் எதிர்முனை மோடம் 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஒலி எழுப்பும். இடையிடையே ஒரு துள்ளல் கேட்கும், அங்கே அலை தலைகீழாகப் புரள்கிறது. வழியில் எதிரொலியை அடக்கும் கருவிகள் இருந்தால் "நீ ஒதுங்கு" என்று அவற்றுக்குச் சொல்லும் சமிக்ஞை அது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேச வேண்டுமே! பிறகு லைன் எவ்வளவு தாங்கும் என்று இரண்டும் அளந்துகொள்ளும். கடைசியில் வரும் "ஸ்ஸ்ஸ்" அந்த லைனின் கோணலுக்கு ஏற்பத் தங்களைச் சரிசெய்துகொள்ளும் சத்தம். போன் லைன் கடத்துவது ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். அந்தச் சந்துக்குள்தான் நொடிக்கு 33,600 பிட் வரை ஓட்டினார்கள்.

குரோம்பேட்டைப் பையன்:
அருமை சார்! எங்கள் வீட்டில் ஃபைபர்தான், ரூட்டரில் ஒரு போன் சாக்கெட் இருக்கிறது. அதில் சொருகலாமா? அடாப்டர் தொலைந்துவிட்டது, பழைய ரூட்டர் அடாப்டர் போடட்டுமா?

மாம்பலம் டெர்மினல்:
அடாப்டரில் அவசரம் வேண்டாம். மோடத்தின் அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து மோடங்கள் பலவற்றுக்கு ஏசி வெளியீடு தரும் அடாப்டர்தான் வேண்டும். ரூட்டர் அடாப்டர் டிசி. சரியானது கிடைத்ததும் யுஎஸ்பி–சீரியல் கேபிளில் மாட்டி, புட்டி (PuTTY) என்ற மென்பொருளில் ஏடி என்று தட்டுங்கள். "ஓகே" வந்தால் உயிரோடு இருக்கிறது. ஃபைபர் போன் குரலைப் பொட்டலமாக நறுக்கி அனுப்புவது. ஒரு பொட்டலம் பிந்தினாலும் மோடம் தடுமாறும். வேகத்தை 2400க்கு இறக்கிப் பாருங்கள், இணைப்பு நிற்க வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்தில் விஎஸ்என்எல்லை அழைத்த அந்த 172 எண்ணை மட்டும் இப்போது சுழற்றிக்கொண்டிருக்க வேண்டாம். மறுமுனைக்கு இன்னொரு மோடம் தேடுங்கள்.