சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கும்போதே கழுத்துத் தமனி தடிக்குமா?

மலர்விழி:
59 வயதான என் தந்தைக்கு அண்மையில் முழு உடல் பரிசோதனை செய்தோம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2 என்பதால் நீரிழிவு இன்னும் வரவில்லை, எல்லைக்கோட்டில் இருக்கிறார் என்றார்கள். ஆனால் கழுத்து டாப்ளர் ஸ்கேன் அறிக்கையில் தமனியின் உட்சுவர்த் தடிமன் வலப்புறம் 1.1 மி.மீ., இடப்புறம் 0.9 மி.மீ., படிவு ஏதும் இல்லை என்று எழுதியிருக்கிறது. நோயே வராதவருக்குச் சர்க்கரையால் தமனி தடித்திருக்குமா? ஆறு மாதம் கழித்து ஸ்கேனை மறுபடி எடுக்கவும் சொல்கிறார்கள்.

கண்ணபிரான்:
தடித்திருக்கலாம், சகோதரி. ஹெச்பிஏ1சி 6.5 என்பது நோய்க்குப் பெயர் வைப்பதற்காக மருத்துவர்கள் வகுத்த எல்லை; தமனிக்கு அந்த எல்லை தெரியாது. 5.7 முதல் 6.4 வரையுள்ள கட்டத்திலேயே பலருக்கு இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலை இருக்கும். இரத்த அழுத்தமும் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் அதனுடன் கைகோத்தே உயரும். தமனியின் உள்விளிம்பில் ஒற்றை அடுக்காக இருக்கும் எண்டோதீலியச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்வாக வைத்திருக்கின்றன. சர்க்கரை மிகும்போது அந்தச் சுரப்பு குறைகிறது, எல்.டி.எல். கொழுப்பு சுவருக்குள் புகுந்து தங்க, அதை விழுங்க வந்த வெள்ளணுக்களும் அங்கேயே தேங்க, நடு அடுக்கின் தசைச் செல்கள் உட்புறமாகப் பெருகத் தொடங்குகின்றன. சர்க்கரை ஒட்டிக்கொண்ட கொலாஜன் சுவரை விறைப்பாக்குவது தனிக்கதை. ஆயினும் வயதும் இரத்த அழுத்தமும் இதே தடிப்பைத் தரும் என்பதால், பழியை முழுவதும் சர்க்கரையின் மீது போட முடியாது. அவருடைய இரத்த அழுத்தம் என்ன? புகைப்பாரா?

தேன்மொழி:
நம் ஊர்ச் சான்றே இருக்கிறது. சென்னை நகர்ப்புற மக்களிடம் நடத்தப்பட்டு 2000-இல் வெளியான ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களின் கழுத்துத் தமனித் தடிமன் சராசரியாக 0.95 மி.மீ., இல்லாதவர்களுக்கு 0.74 மி.மீ. என்று கண்டார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவாளர்களிடம் நடந்து 1993-இல் முடிந்த டி.சி.சி.டி. ஆய்வு இன்னும் சுவையானது. சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் என இரு பிரிவினர் அதில் இருந்தார்கள். அது முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட போதிலும், முன்பு கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களின் தமனி பல ஆண்டுகள் கழித்தும் குறைவாகவே தடித்திருந்தது. முதல் வகைக்காரர்களிடம் கண்டதை உங்கள் தந்தைக்கு அப்படியே பொருத்தக் கூடாதுதான்.

மலர்விழி:
இரத்த அழுத்தம் 148/90. இரவு உணவுக்குப் பின் மாடிக்குப் போய் ஒரு சிகரெட் பிடிப்பதை அவர் புகைப்பழக்கத்தில் சேர்ப்பதே இல்லை.

கண்ணபிரான்:
அப்படியானால் முதலில் கவனிக்க வேண்டியவை அவ்விரண்டும்தான். ஒரு சிகரெட்டையும் கணக்கில் சேருங்கள். 148/90 என்பது வெவ்வேறு நாட்களில் அளந்த பின்பும் நீடித்தால் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும், எல்.டி.எல். அளவைக் காட்டி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்து தேவையா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு மாத ஸ்கேனை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓராண்டில் தமனி தடிப்பது பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குதான். ஸ்கேன் எடுப்பவர் கருவியைப் பிடிக்கும் கோணம் மாறினாலே அதைவிடப் பெரிய வேறுபாடு வரும். அமெரிக்க இதய நல அமைப்புகளின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இந்த அளவீட்டை வழக்கமான பரிசோதனையாகப் பரிந்துரைக்கவில்லை. அந்தப் பணத்துக்கு வீட்டில் ஒரு நல்ல இரத்த அழுத்தமானி வாங்கி வைக்கலாம். ஹெச்பிஏ1சி பரிசோதனையை மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் செய்யுங்கள்.